க்யூடி டிசைனருக்குள் ஒரு தொட்டி

சி ப்ளஸ் ப்ளஸில் திரைகள் செய்ய உதவும் லைப்ரரித் தொகுப்பு க்யூடி. அதில் ஃபார்மை, அதாவது திரையின் அமைப்பை, மவுஸால் இழுத்துப் போட்டு வரையும் கருவிதான் க்யூடி டிசைனர். அதில் நாமே செய்த விட்ஜெட்டை (திரை உறுப்பை) சேர்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ப்ரமோட் செய்வது, அதாவது டிசைனரின் விட்ஜெட் ஒன்றைப் போட்டு அந்த இடத்தில் நம்முடையது வரும் என்று குறிப்பது. இன்னொன்று, டிசைனரே லோடு செய்துகொள்ளும் ப்ளகின் ஒன்றை எழுதுவது. இணையத்தில் தேடினால் பத்துக்கு எட்டுப் பேர் "ப்ரமோட் போதும், ப்ளகின் வீண் வேலை" என்றுதான் சொல்வார்கள். கோட் எழுதுகிறவரே ஃபார்மையும் வரைகிறார் என்றால் நானும் அதையேதான் சொல்வேன். எங்கள் நிலைமை அப்படி இல்லை.

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் எங்களுடையது சின்ன கம்பெனி. கடலூர் சிப்காட் பக்கத்து ஆலைகளுக்குத் தொட்டி மட்டம், ரசாயனத்தை அளந்து விடும் டோசிங் பம்ப், பிஎச் அளவு எல்லாம் காட்டும் திரைகள் செய்து கொடுக்கிறோம். கோட் என் பொறுப்பு. திரையில் எந்தத் தொட்டி எங்கே, எந்த வால்வு அதற்குப் பக்கத்தில் என்பதை முடிவு செய்வது மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் இன்ஸ்ட்ருமென்ட் அண்ணன். ஆலையை உள்ளும் புறமும் தெரிந்தவர் அவர்தான். சி ப்ளஸ் ப்ளஸ் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

முதலில் ப்ரமோட் வழியில்தான் போனோம். ஃபார்மில் ஒரு வெறும் க்யூவிட்ஜெட்டைப் போட்டு, ரைட் கிளிக் செய்து, ப்ரமோட்டில் கிளாஸ் பெயரும் ஹெடர் ஃபைல் பெயரும் கொடுத்தால் முடிந்தது. ஃபார்மை சி ப்ளஸ் ப்ளஸ் ஆக்கும் யுஐசி என்ற கருவி கோட் உருவாக்கும்போது அந்த இடத்தில் நம் கிளாஸை வைத்துவிடும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான்: இடம் நமக்கு, ஆனால் சீட்டில் இருப்பது துண்டு. டிசைனரில் பார்த்தால் பன்னிரண்டு தொட்டியும் பன்னிரண்டு காலிக் கட்டமாகத் தெரியும். "தம்பி, எது அமிலத் தொட்டி, எது காரத் தொட்டின்னு எனக்கே தெரியல. எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு" என்றார் அண்ணன். நம் விட்ஜெட்டுக்கே உரிய ப்ராப்பர்ட்டிகளும் வலது பக்கப் பட்டியலில் வராது. டைனமிக் ப்ராப்பர்ட்டியாகப் பெயரைத் தட்டிச் சேர்க்கலாம்தான். ஓர் எழுத்து பிசகினாலும் எந்த எரரும் வராமல் அது சும்மா இருந்துவிடும்.

ஆகவே ப்ளகின். அதற்கென எழுத வேண்டிய கிளாஸ் பெரிதில்லை. க்யூடிசைனர் கஸ்டம்விட்ஜெட் இன்டர்ஃபேஸ் கேட்கும் ஃபங்ஷன்களுக்கு ஆளுக்கு ஒரு வரி பதில் சொன்னால் போதும்: பெயர் என்ன, விட்ஜெட் பாக்ஸில் எந்தக் குழு, ஐகான் எது, எந்த ஹெடரை இன்க்ளூட் செய்வது, இது வேறு விட்ஜெட்டுகளை உள்ளே வைக்கும் கன்டெய்னரா இல்லையா. உண்மையில் விட்ஜெட்டை உருவாக்கித் தருவது கிரியேட்விட்ஜெட் என்ற ஒரே ஃபங்ஷன். டொம்எக்ஸ்எம்எல் தருவது, ஃபார்மில் இழுத்துப் போடும்போது வரும் ஆரம்ப அளவும் பெயரும். அதில் கொடுக்கும் கிளாஸ் பெயரும் நேம் ஃபங்ஷன் தரும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நேம்ஸ்பேஸ் இருந்தால் அதுவும் சேர்த்து. ஹெடர் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தையும் கவனியுங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது. ஆலையில் இருக்கும் பேனல் கணினி லினக்ஸ் என்றால் அங்கே கம்பைல் நின்றுவிடும்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு ஒன்று. க்யூ எக்ஸ்போர்ட் ப்ளகின்2 என்று ஒரு மேக்ரோவைக் கடைசி வரியில் போடச் சொல்லியிருந்தால் அது க்யூடி 4 காலத்துப் பக்கம். 2012 டிசம்பரில் க்யூடி 5 வந்ததிலிருந்து கிளாஸுக்குள்ளேயே க்யூ ப்ளகின் மெட்டாடேட்டா என்ற மேக்ரோவைப் போட வேண்டும். ப்ராஜெக்ட் ஃபைலில் யுஐப்ளகின் மாட்யூலைச் சேர்த்தால் போதும், டிசைனர் மாட்யூல் முழுவதும் வேண்டியதில்லை.

கம்பைல் ஆனது. கிடைத்த லைப்ரரி ஃபைலை, அதாவது டிஎல்எல்லை, ப்ளகின்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டிசைனர் ஃபோல்டரில் போட்டேன். கோட் எழுதும் கருவியான க்யூடி கிரியேட்டரைத் திறந்தால் தொட்டியைக் காணோம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கைவிட்டு ப்ரமோட்டுக்கே திரும்பிப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். காரணம் எளிது, ஆனால் கண்ணில் படாது. கிரியேட்டருக்குள் இருக்கும் டிசைனர், கிரியேட்டர் எந்தக் கம்பைலரால், எந்த க்யூடி வெர்ஷனால் பில்ட் ஆனதோ அதற்குப் பொருந்தும் ப்ளகினை மட்டும்தான் ஏற்கும். நாம் ப்ராஜெக்டுக்கு வைத்திருக்கும் கிட் (கம்பைலரும் க்யூடி வெர்ஷனும் சேர்ந்த தொகுப்பு) வேறாக இருக்கலாம். விண்டோஸில் மின்ஜிடபிள்யூ கம்பைலரில் கட்டிய ப்ளகினை, மைக்ரோசாஃப்டின் எம்எஸ்விசி கம்பைலரில் பில்ட் ஆன டிசைனர் சீண்டாது. டீபக் (பிழை தேடும் பில்ட்), ரிலீஸ் (வெளியிடும் பில்ட்) வித்தியாசமும் அப்படியே.

இதற்குச் சுலபமான வழி, கிரியேட்டரை விட்டுவிட்டு, கிட்டின் பின் ஃபோல்டரில் இருக்கும் தனி டிசைனரைத் திறப்பது. அது நம் கம்பைலரிலேயே பில்ட் ஆனது. அதன் ஹெல்ப் மெனுவில் ப்ளகின்கள் பற்றிய பகுதியைத் திறந்தால் எது லோடு ஆனது, எது ஆகவில்லை, ஏன் என்று வரிசையாகச் சொல்லும். அங்கே எங்களுக்கு வந்த அடுத்த செய்தி, சார்ந்திருக்கும் லைப்ரரி கிடைக்கவில்லை என்பது. விட்ஜெட் தனி டிஎல்எல், ப்ளகின் தனி டிஎல்எல் என்று பிரித்து வைத்திருந்தோம். ப்ளகின் கண்ணெதிரே இருந்தாலும், அது தேடும் இன்னொன்று தேடும் பாதையில் இல்லை. விட்ஜெட்டின் சோர்ஸை ப்ளகினுக்குள்ளேயே சேர்த்துக் கம்பைல் செய்ததும் தொட்டி வந்து உட்கார்ந்தது. அதே சோர்ஸ் அப்ளிகேஷனிலும் சேர்கிறது. பெரிய லைப்ரரிகளுக்கு இது அழகான ஏற்பாடு இல்லை. எங்களுக்கு இது போதும்.

இன்னும் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ப்ளகின் வழியில் டிசைனர் காட்டுவது தொட்டியின் படத்தை இல்லை, நாம் எழுதிய கோட் அங்கேயே ஓடுகிறது. எங்கள் பழைய தொட்டி விட்ஜெட்டின் கன்ஸ்ட்ரக்டரிலேயே (உருவாகும்போதே ஓடும் ஃபங்ஷனிலேயே), ஆலை இயந்திரங்களை இயக்கும் கணினியான பிஎல்சிக்கு மாட்பஸ் என்ற நெறிமுறையில் இணைப்பு தொடங்கிவிடும். ஆலையில் ஓடும்போது பிரச்சினை இல்லை. தட்டாஞ்சாவடியில் அந்த ஐபி முகவரியில் யார் இருக்கிறார்கள்? தொட்டியை ஃபார்மில் இழுத்துப் போட்டதும் டிசைனர் அப்படியே உறைந்து நிற்கும், டைம்அவுட் ஆன பிறகுதான் உயிர் வரும். விட்ஜெட் கிராஷ் ஆனால் இதைவிட மோசம், சேமிக்காத ஃபார்ம்களோடு டிசைனரும் சேர்ந்து போகும். இணைப்பு வேலையை முழுக்க வெளியே எடுத்து வேறு கிளாஸில் வைத்தேன். விட்ஜெட்டுக்கு இப்போது தெரிந்தது ஒன்றுதான்: மட்டம் எவ்வளவு என்று ஒரு ஸ்லாட்டில் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷனில்) சொல்வார்கள், அதை வரைய வேண்டும். டிசைனருக்காகச் செய்த இந்தப் பிரிப்பு டெஸ்ட் எழுதும்போதும் கை கொடுத்தது.

ப்ராப்பர்ட்டிகள்தான் இந்த வேலையின் சுவாரசியமான பகுதி. மட்டம், கொள்ளளவு, திரவ நிறம், அலாரம் வகை என்று க்யூ ப்ராப்பர்ட்டி வரிகள் போட்டால் டிசைனர் அவற்றை இனம் பார்த்துக் காட்டுகிறது. எண்ணுக்கு ஏற்றி இறக்கும் பெட்டி, நிறத்துக்கு நிறம் தேர்வு செய்யும் ஜன்னல், க்யூ ஈனம் போட்டதற்கு, அதாவது குறிப்பிட்ட சில தேர்வுகள் மட்டும் உள்ளதற்கு, ட்ராப் டவுன். ஆனால் எண்ணுக்கு எல்லை எதுவும் தெரியாது. மட்டம் என்ற இடத்தில் ஐந்நூறு சதவீதம் என்று தட்டினால் அப்படியே அனுப்பும். அதனால் மதிப்பை வாங்கி வைக்கும் செட்டர் ஃபங்ஷனில் பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவில் கட்டிப்போட்டு, மதிப்பு மாறியிருந்தால் மட்டும் மறுபடி வரையச் சொல்லும் அப்டேட்டைக் கூப்பிடுகிறேன். அந்த அப்டேட் இல்லாவிட்டால் எண் மாறும், படம் மாறாது.

அண்ணனிடம் காட்டியபோது மட்டத்தை நாற்பதிலிருந்து மெல்ல ஏற்றினேன். "ஏம்பா, தண்ணி ஏறுதே!" என்று மவுஸை வாங்கிக்கொண்டார். அடுத்த அரைமணி நேரம் எனக்குத் திருப்பித் தரவில்லை.

அவர் கண்ணுக்குத்தான் அடுத்த குறையும் பட்டது. தொட்டியின் பக்கத்து அளவுகோலில் "லிட்டர்" என்பதில் மேல் புள்ளியும் கொக்கியும் வெட்டுப்பட்டிருந்தன. ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்த நிலையான உயரத்தில் ட்ராடெக்ஸ்ட் என்ற ஃபங்ஷனால் எழுதினால் தமிழுக்கு மேலும் கீழும் இடம் பற்றாது. உயரத்தை, எழுத்தின் அளவுகளைச் சொல்லும் க்யூஃபான்ட் மெட்ரிக்ஸ் கிளாஸிடம் கேட்டு வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. விட்ஜெட் தனக்கு வேண்டும் என்று சொல்லும் அளவான சைஸ்ஹின்ட்டையும் அதிலிருந்தே கணக்கிட்டேன், லேஅவுட்டில் போட்டபோது தொட்டி ஒல்லியாகச் சுருங்குவதும் நின்றது.

பைத்தானில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கம்பைலர் தலைவலி இல்லை. பைத்தானில் க்யூடியைப் பயன்படுத்த உதவும் பைசைட்6-ல் விட்ஜெட்டைப் பதிவு செய்யும் ஃபைலின் பெயர் ரெஜிஸ்டர் என்று தொடங்க வேண்டும். அது இருக்கும் ஃபோல்டரைப் பைசைட் டிசைனர் ப்ளகின்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் கொடுத்து, பைசைட்6-டிசைனர் கமாண்டால் டிசைனரைத் திறந்தால் போதும்.

ப்ளகின் டிஎல்எல் ஆலைக்குப் போகாது, அது அண்ணன் கணினியில் மட்டும். க்யூடியை அப்டேட் செய்தால் ப்ளகினையும் மறுபடி கட்ட வேண்டும் என்பதால் அவர் கணினியில் வெர்ஷனை நான்தான் மாற்றுவேன் என்று பேசி வைத்திருக்கிறோம். தொட்டிக்குப் பிறகு பம்ப், வால்வு, பிஎச் மீட்டர் என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தனி டிஎல்எல் வேண்டாம் என்று கலெக்‌ஷன் இன்டர்ஃபேஸில் எல்லாவற்றையும் ஒரே ப்ளகினில் அடுக்கிவிட்டேன். இப்போது கன்டெய்னர் ஒன்று கேட்கிறார்: ஒரு சட்டத்தை இழுத்துப் போட்டு அதற்குள் பம்பும் தொட்டியும் வைக்க வேண்டுமாம். "ஒரு வாரம் குடுங்கண்ணே" என்று சொல்லியிருக்கிறேன்.