ஆத்தாவுக்குக் குடல் சுத்தம் செய்த ராத்திரி

எங்க ஆத்தாவுக்கு 78 வயசு. தேவிபட்டினத்தில் இருக்கிறார். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கி, இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறவில்லை. பெருங்குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று கொலோனோஸ்கோபி பார்த்துவிடச் சொன்னார்கள். பரிசோதனை மதுரையில்.

குழாய் விட்டுப் பார்ப்பது அரை மணி நேர வேலை, அதுவும் மயக்கத்தில் முடிந்துவிடும். பெரியவர்களைப் பாடாய்ப் படுத்துவது அதற்கு முந்தின குடல் சுத்தம்தான். நம்ம கடற்கரை ஊர்களிலிருந்து வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான்: குடலைக் கழுவுகிற பேதி மருந்தை வீட்டில் குடிக்க வைத்துவிட்டுப் பஸ் ஏறாதீர்கள். முந்தின நாளே போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள அறையாகப் பார்த்துத் தங்கிவிடுங்கள்.

எங்களுக்குக் கையில் கொடுத்த தாளில் எல்லா வயசுக்கும் ஒரே குறிப்புதான் இருந்தது. தண்ணீரில் கரைத்த மருந்து இரண்டு லிட்டரையும் முந்தின நாள் சாயங்காலமே குடித்து முடிக்க வேண்டுமாம். 78 வயசு உடம்பு ஒரே மூச்சில் அதைத் தாங்குமா? டாக்டரிடமே கேட்டேன். அவர் தாளில் அடித்துத் திருத்திக் கொடுத்தார்: சாயங்காலம் ஒரு லிட்டர், விடியற்காலை ஒரு லிட்டர், பரிசோதனை பதினொரு மணிக்கு. ராத்திரியோடு முடித்துவிட்டால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் சளியும் இறங்கி, பெருங்குடலின் வலப்பக்கத்தில் படிந்துவிடுமாம். காலையில் குடிக்கிற லிட்டர்தான் அந்த இடத்தைக் கழுவுகிறது. ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று மூணு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டியவருக்குக் காலையில் அந்த லிட்டரை எப்படிக் கொடுக்க முடியும்? அறை எடுக்கச் சொல்வது இதனால்தான்.

எங்க மதினி, "சின்ன பாட்டில் மருந்து ஒண்ணு இருக்கு, ரெண்டு மடக்குல முடிஞ்சிரும்" என்றார். அது சோடியம் பாஸ்பேட். வயசானவர்களுக்கும் கிட்னி பலவீனமானவர்களுக்கும் அது கிட்னியையே பாதிக்கலாம் என்று டாக்டர் மறுத்துவிட்டார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-லேயே இதைப் பற்றிக் கடுமையாக எச்சரித்திருக்கிறது. ஆத்தாவுக்கு எழுதியது பாலிஎத்திலின் கிளைக்கால் பவுடர். ஒரு பாக்கெட்டை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அதற்கு முன்னால் ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம் மூன்றும் பார்த்துக்கொண்டார்கள்.

மாத்திரை விஷயத்தை நாமாக முடிவு செய்யக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரை மறைத்துவிடும். சுகர் மாத்திரையும், பிரஷருக்கான நீர் மாத்திரையும் திரவ ஆகாரம் தொடங்கிய நாள் முதல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தவே கூடாது.

சாப்பாட்டில் ஆத்தாவுக்குப் பெரிய வருத்தம் முருங்கைக்கீரையும் கேப்பைக்கூழும். இரண்டுமே கூடாது. பனங்கிழங்கு நாராகவே இருக்கும், அதைத் தொடவே விடவில்லை. இட்லி, குழைந்த சோறு, மோர், முள்ளெடுத்த விளமீன் என்று ஓட்டினோம். பரிசோதனைக்கு முந்தின நாள் முழுக்க இளநீர், வடிகட்டிய ரசம், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு மட்டும். சிவப்பு நிறத்தில் எதுவும் கொடுக்கக் கூடாது, உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுக்கொண்டுதான் குடிக்க வேண்டும்.

ஊர்த் தண்ணி உப்பு என்பதால் கேன் தண்ணீரில் கரைத்து, லிட்டர் பாட்டில்களில் ஊற்றினேன். என் வீட்டுக்காரர் புதுசாக ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி ஐஸ் போட்டு வைத்தார். ஜில்லென்று இருந்தால் அந்தக் குமட்டல் சுவை பாதி தெரியாது. முதல் டம்ளரைக் குடித்துவிட்டு ஆத்தா முகத்தைச் சுளித்தார்: "ஏத்தா, கடத்தண்ணிய மொண்டு குடுத்தமாதிரில இருக்கு!" கால் மணிக்கு ஒரு டம்ளர், நேராக உட்கார வைத்துத்தான். மூணாவது டம்ளரில் ஓங்கரித்தார். அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, பிறகு மடக்கு மடக்காகக் கொடுத்தேன். படுத்தபடி குடித்து வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அதுதான் பெரிய ஆபத்து.

ராத்திரி தூக்கம் கிடையாது. சேலையை மாற்றி நைட்டி போட்டுவிட்டேன். பாத்ரூம் லைட்டை அணைக்கவே இல்லை. தரை ஈரத்தை ஒவ்வொரு தடவையும் பழைய துண்டால் துடைத்தேன், ஏனென்றால் இந்த வயசில் இடுப்பெலும்பு முறிந்தால் வந்த வேலையே மாறிப்போகும். எழுந்ததும் நடக்க விடாமல், கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார வைத்துத்தான் கூட்டிப் போனேன். போய்ப் போய் எரிச்சல் வரும் என்று தொடக்கத்திலேயே தேங்காயெண்ணெய் தடவிவிட்டது ரொம்ப உதவியது. நடுச்சாமத்தில் கை நடுங்குது என்றார். மெஷினில் பார்த்தால் சுகர் 68. எலுமிச்சைச் சாற்றில் மூணு ஸ்பூன் சீனி கலந்து கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி பார்த்தேன், ஏறியிருந்தது. சுகர்காரர்கள் அந்த மெஷின் இல்லாமல் கிளம்பவே கூடாது.

காலை லிட்டரை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழுக்கு முன் முடித்தோம். அதன் பிறகு வாயில் ஒன்றும் இல்லை. கடைசியாகப் போனது கசடே இல்லாமல், வெளிர் மஞ்சளாக, மூத்திரம் போலத் தெளிந்திருந்தது. நர்ஸம்மா கேட்டதும் அதைத்தான். கலங்கலாக இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வலப்பக்கத்தில், சிறுகுடல் வந்து சேர்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டி இருந்தது. அப்போதே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை என்று பிறகு வந்தது. சுத்தம் நன்றாக இருந்ததால்தான் கண்ணில் பட்டது என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்தும் தள்ளாட்டம் இருந்ததால் அன்று ராத்திரியும் அங்கேயே தங்கி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, நிறுத்திய மாத்திரைகளை எந்த நாளிலிருந்து தொடங்குவது என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்கிக்கொண்டு மறுநாள் ஊர் வந்தோம்.