நியோஷோவின் எண்ணெய்க் குழாய் ஒருவழியாகத் தொய்ந்தது

நான்காவது முறையாகச் செய்த குழாய் நேற்றிரவு சரியாகத் தொங்கியது. அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க் கப்பலான நியோஷோவை 1/700 அளவு மாதிரியாகச் செய்துவருகிறேன். 553 அடிக் கப்பல் சுமார் 24 சென்டிமீட்டரில் அடங்கிவிட்டது. குழாய்தான் ஐந்து வாரங்களைத் தின்றது.

நான் காட்ட விரும்புவது இரண்டாம் உலகப் போரின்போது 1942 மே 6ஆம் தேதி, ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே உள்ள பவளக் கடலில் யார்க்டவுன் விமானந்தாங்கிக்கு அது எண்ணெய் கொடுத்த காட்சியை. அருகருகே ஓடும் இரு கப்பல்களும் அலையில் தனித்தனியே ஆடுவதால், குழாய் விறைப்பாக இருந்தால் அறுந்துவிடும். ஆகவே டெரிக் எனும் பளுதூக்கிக் கையிலிருந்து தாங்கிகளில் தொங்கவிட்டு, வேண்டிய அளவு தொய்வு கொடுத்திருப்பார்கள். அந்தத் தொய்வுதான் எனக்கு வரவில்லை. தையல் நூலில் பிசிறு தெரிந்தது. தூண்டில் நைலான் சுருண்டுகொண்டது. சூடாக்கி இழுத்த பிளாஸ்டிக் இழை, பசை பட்டதும் முறிந்தது.

குழாயை ஆறு அங்குலம் என்று கொண்டால் இந்த அளவில் 0.22 மில்லிமீட்டர் வருகிறது. காயில் கட்டும் கடையில் கேட்டு வாங்கிய மின்விசிறிச் செம்புக் கம்பியை மெழுகுவத்திச் சுடரில் காட்டி மேற்பூச்சை எரித்தபோது, அது நூலைப் போலவே இளகியது. மெல்லிய சங்கிலி ஒன்றைத் தொங்கவிட்டு அதன் வளைவைத் தாளில் வரைந்து, கம்பியை அதன்மேல் வைத்து வளைத்தேன். அப்போதும் ஏதோ இடித்தது; புகைப்படங்களை மீண்டும் பார்த்த பிறகே, நடுவில் தாங்கி பிடிப்பதால் குழாய்க்கு ஒன்றல்ல, இரண்டு தொய்வுகள் வேண்டும் என்பது உறைத்தது.

கைப்பிடிக் கம்பிகளுக்கான பித்தளைத் தகட்டை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் கேட்டிருந்தேன். இரண்டு மாதம் காக்கவைத்து, நாசகாரிக் கப்பலுக்குரிய தகட்டை அனுப்பிவிட்டார். திருப்பி அனுப்பும் செலவில் இன்னொன்று வாங்கலாம் என்பதால், அதை அடுத்துச் செய்யவிருக்கும் சிம்ஸ் என்ற நாசகாரிக்கு ஒதுக்கிவிட்டேன். மே 7 அன்று ஜப்பானிய வேவு விமானம் நியோஷோவையும் உடன் சென்ற சிம்ஸையும் விமானந்தாங்கி, குரூசர் என்று தவறாக அறிவித்ததால் பெரும் தாக்குதல் இவற்றின்மேல் விழுந்தது. மூன்று குண்டுகளில் சிம்ஸ் மூழ்கியது. ஏழு குண்டுகளும் மேலே விழுந்த விமானமும் தாக்கிய நியோஷோவோ, ஓரளவு காலியாகியிருந்த தொட்டிகளின் மிதப்பால் நான்கு நாள் மிதந்தது. மே 11 அன்று ஹென்லி என்ற அமெரிக்க நாசகாரி வந்து 123 பேரை மீட்டு, அதை மூழ்கடித்தது.

அந்தக் காலித் தொட்டிகளை நினைத்தபோதுதான் என் பிழை தெரிந்தது. முழுச் சுமையோடு தாழ்ந்திருக்கும் கப்பல் என்று எண்ணி அடிப்பாகத்தைத் தேய்த்துவிட்டேன். எண்ணெயைக் கொடுத்துக்கொண்டிருக்கும் கப்பல் சற்று உயர்ந்தல்லவா நிற்க வேண்டும்! ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளை ஒட்டி உயர்த்தப் போகிறேன். குழாயைக் கழற்றாமல் அதை எப்படிச் செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.