உதவி கேட்டு வந்தவர்கள்

கத்தோலிக்கப் பங்கு ஒன்றின், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரத்தின், சமூகப்பணி மையத்தில் ஆலோசகராகவே என் காலம் போய்விட்டது. ஆனால் "கவுன்சிலிங் வேண்டும்" என்று கேட்டு வந்தவர்கள் குறைவு. பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு, வாடகை பாக்கி என்று ஏதாவது உதவி கேட்டுத்தான் வருவார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போன பிறகு திரும்புவார்கள். "அவர் இப்பெல்லாம் ரொம்பக் குடிக்கிறார், சிஸ்டர்." (நான் துறவி இல்லை. அந்த வளாகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணும் சிஸ்டர்தான். திருத்துவதை விட்டுவிட்டேன்.) மறுபடி உட்காரச் சொல்ல வேண்டுமே என்பதற்காக, அடுத்தவரைக் கொஞ்சம் நேரம் தள்ளியே வரச் சொல்வேன்.

1833இல் பாரிசில் மாணவர் பிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர் இன்றும் இருவராகத்தான் ஏழைகளின் வீடு தேடிப் போகிறார்கள். அதில் ஒரு வசதி. ஒருவர் அம்மாவோடு பேசும்போது, மற்றவர் மூலையில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளையைக் கவனிக்கலாம்.

நல்ல மனசு இருந்தால் போதும் என்று இந்தப் பணிக்கு வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். யாராவது அழுதால் "ஜெபியுங்கள், சரியாகிவிடும்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கும் ஜெபத்தில் நம்பிக்கை உண்டு, அதை வைத்து ஒருவர் வாயை அடைப்பதில்தான் இல்லை. திருத்தந்தை 16ஆம் பெனடிக்டின் முதல் சுற்றுமடலே (திருச்சபைக்கு எழுதும் போதனைக் கடிதம், 2005) பிறரன்புப் பணியாளருக்குத் தொழில்திறமை முதல் தேவை என்கிறது. அது மட்டும் போதாது, உள்ளமும் பயிற்சி பெற வேண்டும் என்பது அதற்கு அடுத்த பேச்சு.

சிலர் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, என்று நினைத்தே வருவார்கள். அங்கே கேட்டதைக் குருவானவர் எக்காரணம் கொண்டும் வெளியே சொல்லக் கூடாது. திருச்சபைச் சட்டம் 983 அப்படி. எனக்கு அந்த இரகசிய முத்திரை கிடையாது. பிள்ளைக்குத் தீங்கு, உயிருக்கு ஆபத்து என்றால் உரிய இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன். எழுந்து போனவர்களும் உண்டு. அதற்காகப் பாதிக் கதை கேட்ட பிறகா சொல்வது?

"நான் செய்தது பாவமா?" என்று கேட்டால், அதைச் சாமியாரிடம் கேளுங்கள் என்பேன். அப்புறம், ராத்திரி தூங்குகிறீர்களா என்று விசாரிப்பேன். அங்கிருந்தும் ஆள் வருவதுண்டு. "ஃபாதர்தான் உங்களைப் பார்க்கச் சொன்னார்" என்பார்கள். எதற்கு என்று அவர் சொல்ல மாட்டார். நானும் அவரிடம் கேட்பதில்லை. வந்தவரே சொல்லட்டும்.