குளத்தைப் பார்க்காமல் திரும்பும் பேருந்துகள்

சொகுசுக் கப்பலில் எனக்கு டைல்ஸ் வேலை. நீச்சல் குளம், குளியலறை, சமையற்கூடம் என்று எங்கே ஓடு பெயர்ந்தாலும், எங்கே தண்ணீர் கசிந்தாலும் எங்கள் பிரிவுக்குத்தான் போன் வரும். கரையில் பயணிகளுக்கு டூர் நடக்கும்போது, இடம் காலியிருந்தால் ஊழியர் ஒருவரை எஸ்கார்ட்டாக அனுப்புவார்கள். தலை எண்ண வேண்டும், பின்தங்கியவர்களைக் கூட்டி வர வேண்டும், திரும்பியதும் டூர் எப்படி இருந்தது என்று ஒரு படிவம் எழுதித் தர வேண்டும். சம்பளம் கிடையாது, டிக்கெட் செலவும் கிடையாது. அப்படித்தான் மத்திய அமெரிக்காவில் பெலீஸ் நாட்டிலுள்ள ஆல்டுன் ஹாவுக்குப் போனேன், மாயா என்னும் பூர்வகுடி மக்கள் கட்டிய பழைய நகரம் அது.

பெலீஸ் சிட்டியை ஒட்டிய கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் தள்ளியே நங்கூரம் போடும், படகில்தான் கரை சேர வேண்டும். அங்கிருந்து வடக்கே 50 கிலோமீட்டர் போல பேருந்துப் பயணம். படகு, பேருந்து, திரும்பக் கப்பலேற வேண்டிய நேரம் எல்லாம் போக, அந்த இடத்தில் நிற்கக் கிடைப்பது ஒரு மணி நேரம் சொச்சம்தான்.

காட்டுக்கு நடுவே புல் வளர்ந்த இரண்டு பெரிய முற்றங்கள், சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மேடைகளும் கோயில்களும். எல்லோரும் ஏறுவது 16 மீட்டர் உயரக் கோயிலில். அந்த நாட்டு பெலிகின் பீர் பாட்டிலின் லேபிளில் இருப்பது இதுதான். 1968இல் தொல்லியலாளர் டேவிட் பெண்டர்காஸ்ட் தலைமையிலான அகழாய்வில் இதற்குள் ஒரு கல்லறை கிடைத்தது. அதில் ஜேட் என்னும் பச்சைக்கல்லில் செதுக்கிய சூரியக் கடவுளின் தலை, 4.42 கிலோ எடை. அந்தக் கல் பெலீஸில் கிடைப்பதில்லை, குவாத்தமாலாவின் மொதாகுவா பள்ளத்தாக்கிலிருந்து வரவேண்டும். வழிகாட்டி இதைச் சொல்லும்போது எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். நானும்தான்.

ஆனால் என் கண் படிக்கட்டின் காரையிலேயே நின்றது. மாயா மக்களிடம் இரும்புக் கருவி இல்லை, சுமை இழுக்க மாடோ குதிரையோ இல்லை, சக்கர வண்டியும் இல்லை. கல்லை கல்லால் கொத்தி, ஆள் சுமந்து, சுண்ணாம்புக்கல்லை விறகு போட்டு எரித்து நீற்றித்தான் இந்தக் காரை. அந்த விறகை வெட்டவே எத்தனை ஆள் வேண்டும்! பழைய கோயிலை இடித்துத் தள்ளாமல் அதன் மேலேயே அடுத்த கோயிலைப் போர்த்திக் கட்டியிருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக.

அப்புறம் ஒரு கேள்வி. இங்கே பக்கத்தில் ஆறு எதுவும் கண்ணில் படவில்லை. கி.பி. 250க்கும் 900க்கும் இடையே செழித்திருந்த நகரம், சுற்றுப்புறத்தையும் சேர்த்து 10,000 பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்கிறார்கள். தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கோயில்களுக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு குளம் இருக்கிறது, அடியில் களிமண் பூசி நீர் நிறுத்திய குளம் என்றார். டூரில் அது சேர்த்தியில்லை, நேரம் போதாதாம்.

கசியாமல் நீரை நிறுத்துவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். கப்பலின் நீச்சல் குளத்தில் ஒரு மூலையில் கசிந்தாலே நீரை இறக்கி, ஓட்டைப் பெயர்த்து, காயவிட்டு, மறுபடி பூச வேண்டும். இத்தனைக்கும் எங்களுக்கு ரசாயனப் பூச்சும் கருவியும் இருக்கிறது. அவர்களிடம் இருந்தது களிமண்ணும் கையும். சுண்ணாம்புக்கல் பூமி நீரைக் குடித்துவிடும், அதன் மேல் ஊருணி வெட்டி நீரைத் தேக்கியிருக்கிறார்கள். நான் பிறந்த சிவகங்கைப் பக்கம் ஊருணியை நம்பித்தான் ஊரே இருந்தது, அதனால் எனக்கு இதன் அருமை உடனே பிடிபட்டது.

மற்றவர்கள் நினைவுப் பொருள் கடைகளில் நின்றபோது வழிகாட்டியிடம் பயணிகளை ஒப்படைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தேன். பசுமை படர்ந்த சாதாரணக் குளம்போலத்தான் தெரிகிறது. பச்சைக்கல் தலையைவிட இதுதான் அந்த நகரத்தின் பெரிய சாதனை என்பது என் உறுதியான அபிப்பிராயம். ராஜாவைப் புதைக்க ஒரு கோயில் போதும். பிள்ளைகுட்டிகளோடு ஓர் ஊர் உயிரோடிருக்கத் தண்ணீர் வேண்டும்.

படிவத்தில் அதையே எழுதினேன்: கடையில் நிற்கும் நேரத்தைக் குறைத்து குளத்துக்குக் கூட்டிப் போங்கள், அதுவும் கோயிலுக்கு முன்பாக. படித்தார்களா தெரியாது, டூர் பழையபடிதான் போகிறது. அதனால் ஆல்டுன் ஹா போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பேருந்திலேயே வழிகாட்டியிடம் குளத்தைப் பற்றிச் சொல்லிவையுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், காட்டுப் பாதையில் கொசு அதிகம்.