காட்பாடி சாலையில் ஓர் ஈஸ்டர் அதிகாலை

2023 ஏப்ரல் 9, ஞாயிறு அதிகாலை மூன்றரை மணிக்குச் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றபோது, பங்குனிப் பௌர்ணமி கழிந்து மூன்று நாளான நிலவு உச்சியைக் கடந்து மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. மார்ச் 21-இலோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்பதால், இந்தப் பயணத்துக்கு ஆண்டுதோறும் தேய்பிறை நிலவே துணை. என் மனைவியின் தாய்மாமன் வெள்ளை வேட்டியும், எம்.சி.ஆர். என்னும் மென் ரப்பர் செருப்புமாக, வேதப்புத்தகத்தை இரு முழங்கைகளுக்கும் நடுவே அணைத்தபடி ஏறி உட்கார்ந்தார். அவருக்குப் பார்வை மங்கிய 2017-ஆம் ஆண்டு முதல், காட்பாடிக்கு அப்பால் இருக்கும் அவருடைய சிறு சபைக்கு அவரை அழைத்துச் செல்வது என் வேலையாயிற்று. இடையில் ஓர் ஆண்டு மட்டும் கொரோனா ஊரடங்கில் போயிற்று.

அழைத்துச் செல்வது என்றுதான் சொன்னேனே தவிர, ஆராதனைக்குப் போவது என்று சொல்லவில்லை. என் தகப்பனார் கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. எனக்கு நடந்தது பதிவுத் திருமணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றத்தில் சாட்சிகளின் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவன் நான். செத்தவன் மூன்றாம் நாள் எழுந்தான் என்று சாட்சிக் கூண்டில் ஒருவன் சொன்னால் குறுக்கு விசாரணையில் அவன் கதி என்னவாகும் என்று மனைவியிடம் எத்தனையோ முறை கேலி பேசியிருக்கிறேன். அவள் பதில் சொன்னதில்லை. அந்த மௌனத்தை அப்போது என் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

பார்வை மங்கிய பின் மாமாவுக்கு நாள்தோறும் வேதம் வாசித்துக் காட்டும் பொறுப்பும் என்னிடம் வந்தது. வேண்டாவெறுப்பாகத் தொடங்கிய அந்த வாசிப்பில் என் தொழில் காதுதான் முதலில் விழித்துக்கொண்டது. சொல்லிக்கொடுத்துக் கூட்டிவரும் சாட்சி தன்னைக் குறைத்துப் பேசமாட்டான் என்பது நீதிமன்றத்தில் நான் கற்ற பாடம். இங்கேயோ சீஷர்கள் தங்களைப் பற்றியே அவமானமான செய்திகளை எழுத விட்டிருக்கிறார்கள். பேதுரு மூன்று முறை மறுதலித்தவர். எங்கள் பாஷையில் சொன்னால் பிறழ் சாட்சி. வெறுமையான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நான்கு சுவிசேஷங்களும் ஒருமுகமாகச் சொல்கின்றன. பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைவாயிருந்த அந்தச் சமூகத்தில், கதை கட்டுகிறவன் தன் வழக்கின் முதல் சாட்சியாக மகதலேனா மரியாளை நிறுத்தியிருக்கமாட்டான். அந்தப் பெண்கள் ஓடிவந்து சொன்னதை அப்போஸ்தலர் எப்படி ஏற்றார்கள் என்பதை லூக்கா மறைக்கவில்லை: “இவர்களுடைய வார்த்தைகள் அவர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றினதினால், அவர்களை நம்பவில்லை.” அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். உயிர்த்தெழுதலை முதலில் நம்ப மறுத்தவர்கள் பகைவர்கள் அல்லர், அப்போஸ்தலர்களே என்பது எனக்குப் புதிய செய்தி.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஏறத்தாழ கி.பி. 55-ஐச் சேர்ந்தது, சிலுவை மரணத்துக்குப் பின் கால் நூற்றாண்டு அளவே கடந்த காலம். அதில் உயிர்த்தவரைக் கண்டவர்களின் பட்டியலில் ஐந்நூற்றுக்கு அதிகமான சகோதரரைச் சேர்த்து, அவர்களில் அநேகர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார் அவர். போய் விசாரித்துக்கொள் என்பதைப் போன்ற தொனி அது. அந்த அதிகாரத்திலேயே, கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்றும் எழுதுகிறார். தோற்றால் எல்லாம் போய்விடும் என்று தானே சொல்லி வழக்காடுகிறவரை நான் நீதிமன்றத்தில் அதிகம் கண்டதில்லை. இவையெல்லாம் தீர்ப்பு எழுதப் போதுமா என்றால், என் கணக்கில் போதாது. என் கேலி நின்றது, அவ்வளவுதான்.

கேலி நின்ற இடத்துக்கு அப்பால் என்னை நகர்த்தியவை மாமாவின் கைகள். அவர் பதினாறு வயதில், 1963-இல், தொழுநோயோடு கரிகிரிக்கு வந்து சேர்ந்தவர். ஊர் அதைப் பெருவியாதி என்றது. வீட்டார் திண்ணையில் தனித் தட்டு வைத்தார்கள். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, நரம்பு மரத்து வலி தெரியாமற் போவதால் சூட்டிலும் வெட்டிலும் காயப்பட்டே சிதைகின்றன என்று எடுத்துக்காட்டியவர். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சைக்கு வழி திறந்தவரும் அவரே. 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையில் மாமாவுக்கும் அந்த அறுவை நடந்தது. மோதிர விரலை மடக்கும் நாண்களில் ஒன்றை எடுத்துப் பெருவிரலுக்குத் திருப்பிவிட்டார்கள். கட்டுப் பிரித்த பின் பல நாள், மோதிர விரலை மடக்க நினைத்தால்தான் பெருவிரல் அசையுமாம். அந்தத் தழும்பு மணிக்கட்டுக்கு மேல் இன்றும் வெள்ளைக் கோடாக ஓடுகிறது.

ஒரு மாலை யோவான் 20-ஆம் அதிகாரத்தை அவருக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். ஆணிகளினாலான காயத்தைக் கண்டு அதில் விரலை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்று தோமா அடம்பிடிக்கும் இடம். பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்ததாக மரபு சொல்லும் அதே தோமா. அவர் கேட்டது நாங்கள் நாள்தோறும் பதிவு செய்த அங்க அடையாளம்தான். இயேசு அவரைக் கடிந்து விரட்டவில்லை. உன் விரலை இங்கே நீட்டு என்றார். நான் வாசிப்பை நிறுத்தி, “சாவையே ஜெயிச்சவருக்கு அந்தத் தழும்பு மட்டும் ஏன் மாமா ஆறல?” என்று கேட்டேன். அவர் தம் கையை விளக்கு வெளிச்சத்தில் நீட்டி, “இது இல்லன்னா என்னை எப்படி மாப்பிள்ளை அடையாளம் கண்டுபிடிப்பீங்க?” என்றார். உயிர்த்தெழுதல் என்பது பட்டதையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டுப் புது உடம்பெடுக்கும் மாயம் என்று நினைத்து, அதைத்தான் இத்தனை நாள் எதிர்த்து வந்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குப் புலப்பட்டது.

ஆட்டோ பாலாற்றுப் பாலத்தைக் கடந்தது. கீழே நிலவொளியில் மணல்தான் ஆறாகக் கிடந்தது. முந்தின நாள் மாலை கோட்டைக்குள் 1846-இல் கட்டப்பட்ட தூய யோவான் ஆலயத்தின் வாசலில் சற்று நேரம் தனியே நின்றுவிட்டு வந்திருந்தேன். ஜெபம் செய்தேன் என்று சொல்லமுடியாது, கேட்கத் தெரியாமல் நின்றேன்.

சபையார் கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தார்கள். ஒவ்வொரு கல்லறை மேலும் மெழுகுவர்த்தி எரிந்தது. சம்பங்கியும் சாமந்தியும் பனியில் நனைந்திருந்தன. எனக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண், சிறிய கல்லறையொன்றின் சிமெண்டுத் தளத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேயிருந்தாள். அந்த இடத்தில், அவள் காதில் விழும்படி, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் ஆயர் குரலெடுத்து, “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!” என்றார். முந்தைய ஆண்டுகளில் இந்த இடம் வரும்போது நான் வாயை மூடிக்கொண்டு மெழுகுவர்த்தியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பேன். இம்முறை, “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று எல்லாரும் சொன்னபோது என் குரலும் அதில் இருந்தது. அது சற்றுப் பிந்தியே வந்தது. கடைசிச் சொல் எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது. மாமா திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். அவர் கையிலிருந்த மெழுகுவர்த்தி சாய்ந்து, உருகிய மெழுகு சொட்டுச் சொட்டாக அவர் பெருவிரலில் விழுந்துகொண்டிருந்தது. அவர் பேசாமல் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மெழுகுவர்த்தியை வாங்கிக் கல்லறை விளிம்பில் நட்டுவிட்டு, அவர் கையை என் கைக்குள் எடுத்து, உறைந்துகொண்டிருந்த மெழுகைத் தழும்பு வரை மெல்ல உரித்தேன்.

“சுடுது மாமா, சொல்லக்கூடாதா?”

“எனக்கு எங்கே தெரியுது? நீங்கதான் பார்த்துச் சொல்லணும், மாப்பிள்ளை.”