வெல்டிங் கண்ணுல அடிச்ச ராத்திரி என்ன பண்ணலாம், எதைத் தொடவே கூடாது

கோயம்புத்தூர் பக்கம் கேட், கிரில், ஷெட்டு வேலை பண்ற பட்டறைக்காரங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல வேலையாள் போன் பண்ணான்னா பெரும்பாலும் கண்ணு விஷயமாத்தான் இருக்கும். "அண்ணா, கண்ணைத் திறக்கவே முடியலைங்ணா, மண்ணை அள்ளிப் போட்டாப்ல உறுத்துது, தண்ணியா ஊத்துது"ம்பான். அப்படி போன் பண்றவன் பல நேரம் வெல்டிங் ராடு புடிச்சு பத்த வச்ச ஆளா இருக்க மாட்டான், பக்கத்துல பைப்பைப் புடிச்சுட்டு நின்ன ஹெல்பர் பையனா இருப்பான். ஏன்னா பட்டறைல ஷீல்டு, அதாவது முகத்துக்கு முன்னாடி புடிக்கற கறுப்புக் கண்ணாடி வச்ச மறைப்பு, ஒண்ணுதான் இருக்கும், அது வெல்டர் கையில இருக்கும், பையனுக்கு "தலையைத் திருப்பிக்கடா"ங்கற ஒரு வார்த்தைதான். இது சரியில்லைங்க. அந்தப் பையனுங்களை மனசுல வச்சுத்தான் இதை எழுதறேன்.

ஆர்க், அதாவது ராடு நுனில பத்தற மின்சாரப் பொறி, எரியறப்ப வெளிச்சத்தோட சேர்த்து யூவி கதிரும் வருது, அதாவது புற ஊதா. அது கண்ணுக்குத் தெரியாது, ஆனா கருவிழிக்கு மேல இருக்கற மெல்லிசான தோல் அதை அப்படியே வாங்கிக்கும். வாங்கின நேரத்துல ஒண்ணுமே தெரியாதுங்க. அந்த செல்லெல்லாம் மெதுவா செத்து உதிர ஆரம்பிச்சு, கீழ இருக்கற நரம்பு நுனி வெளியில வந்தப்பறம்தான் வலி கிளம்பும். உடம்புலயே நரம்பு ரொம்ப நெருக்கமா இருக்கற இடங்கள்ல கருவிழியும் ஒண்ணு, அதனாலதான் வெளியில பார்த்தா வெறும் செவப்பா தெரியறதுக்கு ஆளு துடிச்சுப் போறான். பொதுவா 6ல இருந்து 12 மணி நேரம் கழிச்சு வரும், நிறைய வாங்கியிருந்தா சீக்கிரமே வந்துரும். சாயங்காலம் நல்லா சாப்ட்டுப் படுத்தவன் நடுராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கறது இதனாலதான், நெறைய பேருக்கு இது காலைல நின்ன வேலையால வந்துச்சுன்னே தோணாது, மெட்ராஸ் ஐ-ன்னு நினைச்சுக்குவாங்க. டாக்டருங்க இதை போட்டோகெராடைட்டிஸ்ம்பாங்க.

இன்னொண்ணு, இது சேர்ந்துட்டே போகும். ஒரு தடவை பளிச்சுன்னு அடிச்சா ஒண்ணும் ஆகலையேன்னு விடறோம், ஆனா ஒரே நாள்ல அம்பது டேக் (இரும்பு நகராம இருக்க வைக்கற சின்னப் பொட்டு வெல்டிங்) வச்சா அம்பது தடவை பட்டதும் சேர்ந்துதான் ராத்திரி வேலையைக் காட்டும்.

சரி, ராத்திரி வந்துருச்சு, என்ன பண்றது. முதல்ல பயப்பட வேண்டாம், அந்தத் தோல் தானா வளந்துக்கும், 24 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள பெரும்பாலும் முழுசா சரியாயிரும், அதுவரைக்கும் வலியைக் கொறைக்கறதும் கிருமி ஏறாம பாத்துக்கறதும்தான் வைத்தியமே. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா கழட்டிருங்க. கண்ணைக் கசக்கவே கூடாது. லைட்டை அணைச்சுட்டு, சுத்தமான துணியை ஐஸ் தண்ணில நனைச்சுப் பிழிஞ்சு மூடின கண்ணு மேல வச்சுக்கலாம். ஒத்துக்கற ஆளா இருந்தா பாராசிட்டமால் போட்டுக்கலாம். மெடிக்கல்ல கண்ணு காஞ்சு போறதுக்குத் தர்ற சாதாரண லூப்ரிகண்ட் சொட்டு மருந்து, கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்னு போட்டிருக்கும், புது பாட்டிலா வாங்கி விட்டுக்கலாம். விடிஞ்சதும் கண் டாக்டர்கிட்ட போயிரணும், அவங்க ஒரு மஞ்சள் சாயம் விட்டு நீல லைட்ல பாப்பாங்க, செத்த இடமெல்லாம் புள்ளி புள்ளியா மின்னும், அதைப் பாத்துட்டு ஆன்டிபயாடிக் ஆயின்ட்மென்ட், தேவைப்பட்டா கண்ணு தசை இழுத்துப் புடிக்கறதைத் தளர்த்த ஒரு சொட்டு மருந்தும் தருவாங்க.

இப்ப செய்யக்கூடாதது, இதைத்தான் நான் ரொம்ப வேண்டிக் கேட்டுக்கறேன். பட்டறைல யாருக்கு அடிச்சாலும் உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவாங்க, உருளைக்கிழங்கை வெட்டி வை, தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு, கத்தாழைச் சோறு வைன்னு. சில்லுனு இருக்கறதால கொஞ்சம் சொகமாத்தான் இருக்கும், அதை நான் இல்லைங்கல. ஆனா மேல் தோல் உரிஞ்சு நிக்கற கருவிழி, அதுல மண்ணுல வெளஞ்ச கிழங்கோட சாறு போறதுங்கறது கிருமிக்கு வாசலைத் திறந்து விடற வேலை. நம்ம தமிழ்நாட்டுல பூஞ்சைக் காளான்னால வர்ற கருவிழிப் புண்ணு ஏற்கனவே ஜாஸ்தி, அது வந்தா மூணு நாள்ல ஆறாது, மாசக்கணக்கா இழுத்து பார்வையவே கொண்டு போனாலும் போயிரும். சில்லுனு வேணும்னா ஈரத்துணி போதுமே.

அதைவிட மோசமானது மரத்துப்போற சொட்டு மருந்து. ப்ரோபராகெய்ன் மாதிரி மருந்து, டாக்டர் டெஸ்ட் பண்றதுக்காக ஒரு சொட்டு விடுவாங்க, அடுத்த நிமிஷம் வலி சுத்தமா போயிரும், உடனே நம்ம ஆளு அந்தப் பேரை எழுதி வாங்கிட்டு வந்து அடிக்கடி விட்டுக்குவான். அது புதுத் தோல் வளர்றதையே தடுத்துரும், விடாம விட்டுட்டே இருந்தா கருவிழி கரைஞ்சு ஓட்டை விழற அளவுக்குப் போகலாம். அதே மாதிரி "கண்ணு செவந்திருக்கு, மருந்து குடுங்க"ன்னு கேட்டா சில கடைல டெக்ஸாமெத்தசோன் கலந்த ஸ்டீராய்டு சொட்டு எடுத்துக் குடுத்துருவாங்க, டாக்டர் பாக்காம அது வேண்டாம். வீட்ல எப்பவோ திறந்து வச்ச பாட்டிலும் வேண்டாம்.

ரெண்டு கண்ணும் ஒண்ணா வலிச்சா வெல்டிங் வெளிச்சம் அடிச்சதுதான்னு ஓரளவு நம்பலாம். ஒரே கண்ணு மட்டும் உறுத்துதுன்னா கிரைண்டிங் துகளோ வெல்டிங் மேல படிஞ்ச ஸ்லேக்ங்கற ஓட்டைத் தட்டி எடுக்கறப்ப தெறிச்ச துண்டோ உள்ள இருக்கலாம், அப்ப விடியற வரைக்கும் காத்திருக்காம போயிருங்க. ஒரு நாள் தாண்டியும் வலி கொறையல, பார்வை மங்குது, கருவிழில வெள்ளையா புள்ளி தெரியுது, பீழை கட்டுதுன்னாலும் அப்படித்தான். வலியே இல்லாம நேரா பாக்கற இடத்துல மட்டும் ஒரு கறை மாதிரி நிக்குதுன்னா அது இன்னும் சீரியஸ், வெளிச்சம் விழித்திரையச் சுட்டிருக்கலாம், அது கருவிழி மாதிரி வளந்து சரியாகற சமாச்சாரம் இல்ல.

தடுக்கறதுக்கு வர்றேன். எல்லாரும் ஷீல்டு போடு ஷீல்டு போடுன்னு சொல்றாங்களே தவிர ஏன் போட மாட்டேங்கறாங்கன்னு பாக்கறதில்ல. டேக் வைக்கறப்ப ஒரு கையில ராடைப் புடிக்கற ஹோல்டர், இன்னொரு கை இரும்பு ஆங்கிளை மட்டம் பாத்துப் புடிச்சிருக்கணும், கை ஷீல்டைப் புடிக்க மூணாவது கை கெடையாது. அதோட கறுப்புக் கண்ணாடி வழியா ஆர்க் வர்றதுக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியாது, அதனால ராடை எடத்துல வச்சுப் பாத்துட்டு, தட்டற நேரத்துக்கு கண்ணை மூடிக்கறான். ஆனா தட்டறதும் மூடறதும் ஒரே நேரத்துல நடக்காது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உள்ள போயிரும். இதுக்கு அறிவுரை சொல்லி பிரயோஜனமில்ல, தலைல மாட்டற ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட் வாங்கித் தரணும். ஆர்க் வர்றதுக்கு முன்னாடி அது வழியா வேலை தெரியும், வந்த உடனே தானா கறுத்துரும், கறுக்கறதுக்கு முன்னாடியும் அதோட ஃபில்டர் யூவியைத் தடுத்துட்டேதான் இருக்கும். வாங்கறப்ப ஈஎன் 379 இல்ல ஆன்சி இஸட் 87.1 தரக்குறி இருக்கான்னு பாருங்க. மூலை முடுக்குல வேலை பாக்கறப்ப முன்னாடி இருக்கற சென்சாரைக் கை மறைச்சா கறுக்காது, அதையும் ஆளுக்குச் சொல்லிக் குடுங்க.

தானா கறுக்காத சாதா கறுப்புக் கண்ணாடியே போடறீங்கன்னா, அது எவ்வளவு கறுப்புன்னு சொல்ற நம்பர் முக்கியம். ராடு வெல்டிங்ல 60ல இருந்து 160 ஆம்பியருக்கு 10ஆம் நம்பர், அதுக்கு மேல 250 வரைக்கும் 12ஆம் நம்பர் போட்டா நல்லது. கேஸ் கட்டிங் கண்ணாடி ஆர்க்குக்குப் பத்தவே பத்தாது, கூலிங் கிளாஸ் பத்தி சொல்லவே வேண்டாம். கீறல் விட்ட கண்ணாடிக்கு டேப் ஒட்டி ஓட்டாதீங்க, மாத்துங்க, அது சல்லிசுதான். ஹெல்பருக்கும் அதே மாதிரி ஒரு ஹெல்மெட் வேணும், இல்லாதப்ப பக்கமும் மூடின பாலிகார்பனேட் கண்ணாடியாவது மாட்டிவிட்டு, ஆர்க்கைப் பாக்காம தள்ளி நிக்க வைக்கணும். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), அலுமினியம் வேலைன்னா தகட்டுல பட்டு எதிரொளிச்சும் வரும், முதுகைக் காட்டிட்டு நின்னா போதும்னு நினைக்காதீங்க.

1948ல வந்த ஃபேக்டரீஸ் ஆக்ட்லயே 35ஆவது பிரிவு கண்ணு பாதுகாப்புக்குன்னே இருந்துச்சு, ஆனா நாலு பேரு வேலை பாக்கற பட்டறை அந்தக் கணக்குலயே வராது. அதனால ஓனர் மனசு வச்சாத்தான் உண்டு. மூணு நாள்ல சரியாயிருதேன்னு விட்டுர முடியாது. 2017ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, வெல்டிங் புகையோட சேர்த்து வெல்டிங்ல வர்ற யூவியையும் மனுஷனுக்கு கேன்சர் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்ல வச்சுட்டாங்க, கண்ணுல வர்ற மெலனோமாவைத்தான் யூவிக்குச் சொல்லியிருக்காங்க.

வீட்ல கேட் மாட்ட ஆள் வந்தா நீங்களும் கொஞ்சம் பாத்துக்கங்க. கொழந்தைங்க அந்த வெளிச்சத்தை வேடிக்கை பாக்க ஓடி வரும், உள்ள கூட்டிட்டுப் போயிருங்க. ரோட்டோரம் வேலைன்னா தார்ப்பாயோ தகரமோ நிறுத்தி மறைக்கச் சொல்லுங்க, அதுக்கு ஆகற கால் மணி நேரத்துக்குக் கோவிச்சுக்காதீங்க.