போடினேன்

'தூடு' என்று தமிழில் ஒரு வினைச்சொல் கிடையாது. இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேற்று அவன் என்ன செய்தான்? 'தூடினான்' என்று யோசிக்காமலே வந்துவிடும். சரி, 'செடு' என்றால்? இங்கே கொஞ்சம் தயங்குவோம். விடு, விட்டான் போல 'செட்டான்' என்பதா, எடு, எடுத்தான் போல 'செடுத்தான்' என்பதா? ஓடு, ஆடு, தேடு, எங்கள் ஊரில் குளத்தில் குதிப்பதைச் சொல்லும் சாடு, எல்லாம் '-இனான்' என்றே முடிகின்றன. அந்த வரிசைக்கு அடங்காத ஒன்று போடு.

தக்கலையில் இருக்கும் என் தம்பி மகளுக்கு மூன்று வயது. "செருப்ப நானே போடினேன் அத்தே" என்கிறாள். "போட்டேன்னு சொல்லு மக்ளே" என்று அவள் அம்மா திருத்தினால், "ஆமா, போடினேன்" என்று பதில் வருகிறது. இதே பிள்ளை முன்பு 'போட்டேன்' என்று சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பேச்சு பின்னால் போகிறதோ என்று வீட்டில் கவலை. எனக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. முதலில் கேட்டதை அப்படியே சொன்னாள், இப்போது விதியைப் பிடித்துவிட்டாள். 'போடினேன்' என்று அவளிடம் யாரும் சொன்னதே இல்லையே!

ஆங்கிலக் குழந்தைகளும் 'வென்ட்' (went) என்று சரியாகச் சொல்லிவந்துவிட்டு நடுவில் 'கோ'வோடு '-ed' சேர்த்து 'goed' என்பார்கள். 1958இல் ஜீன் பெர்கோ என்ற மொழி ஆய்வாளர் 'ரிக்' (rick) போன்ற பொய்ச்சொற்களைக் கொடுத்து இறந்தகாலம் கேட்டபோது குழந்தைகள் 'ரிக்ட்' (ricked) என்றார்கள். 1986இல் ரூமல்ஹார்ட், மெக்லெலண்ட் என்ற ஆய்வாளர்கள் விதியே தேவையில்லை, ஒலிப் பழக்கம் போதும் என்று, மூளை நரம்புகளின் பாணியில் கற்கும் கணினி மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். மொழி ஆய்வாளர்கள் பிங்கரும் பிரின்ஸும் 1988இல் அதை மறுத்தார்கள். விதி ஒரு பக்கம், விதிவிலக்குகளின் நினைவு இன்னொரு பக்கம் என்பது பிங்கர் கட்சி. 83 ஆங்கிலக் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்த 1992ஆம் ஆண்டு ஆய்வில், விதிவிலக்கு வினைகளின் இறந்தகாலத்தைச் சொல்லும்போது இந்த வகைப் பிழை நடுமதிப்பில் 2.5 சதவீதம்தான். ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்தச் சண்டை பெரும்பாலும் இறந்தகாலத்துக்கு '-ed' என்ற ஒரே ஒரு பொதுவிகுதி உள்ள ஆங்கிலத்தை வைத்து நடந்தது. நன்னூல் இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலைகள் சொல்கிறது. இதில் எது விதி, எது விலக்கு? புதிதாக வரும் ஆங்கிலச் சொல்லையும் நாம் நேராக இறந்தகாலத்தில் நிறுத்துவதில்லை. 'போன் பண்ணினான்' என்று பண்ணு அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் மலையாளமும் காதில் விழுந்தே பிள்ளைகள் வளர்கின்றன. மலையாளத்தில் சாடினான் 'சாடி' என்று நின்றுவிடும். இரண்டையும் கேட்கும் பிள்ளை எங்கே போடினேன் என்கிறது, எப்போது விடுகிறது? யாராவது வீடு வீடாக உட்கார்ந்து பதிவு செய்தால் நானும் கூட வருவேன்.